பிரிக்காத பக்கத்தை வாசித்தவர்

எந்தப் பருவத்துக்கு எந்தப் புத்தகத்தை முன்னால் எடுத்து வைக்க வேண்டும் என்று நூலக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். புத்தகம் சிபாரிசு செய்வதில் என்ன பெரிய சூட்சுமம் என்று பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பட்டியல் போடுவது, எண் ஒட்டுவது, அந்துருண்டை வைப்பது எல்லாம் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். ஒரு மழைக்காலத்தில் நான் சிபாரிசு செய்த ஒரு புத்தகம் என்ன செய்தது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

அறுபதுகளில் கடலூரை ஒட்டி, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு ராணுவ முகாம் இருந்தது. அதன் நூலகத்தில் எனக்கு வேலை. நான் பட்டாளத்துக்காரன் இல்லை, சாதாரண சிவிலியன். பழைய சரக்குக் கிடங்கு ஒன்றைத் தடுத்து, பாதியை நூலகமாகவும் மறுபாதியை வார்டாகவும் வைத்திருந்தார்கள். காயம் ஆறிக்கொண்டிருந்த சிப்பாய்கள் வார்டில் இருந்தார்கள். அவர்கள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் பக்கம் புரட்டினால் அவர்களுக்குக் கேட்கும் என்று சொல்வார்கள்.

பருவம் மாறும்போதெல்லாம் வாசலில் கரும்பலகையில் படிக்கத் தகுந்த புத்தகங்களை எழுதி வைக்க வேண்டும் என்பது முகாம் அதிகாரியின் உத்தரவு. கோடைக்குச் சின்னச் சின்னச் சிரிப்புக் கதைகளாக எழுதுவேன். வெக்கையில் ஒரு பக்கத்துக்கு மேல் மனம் நிற்காது. பனிக்காலத்துக்குப் பயணக் கட்டுரைகள். லீவு கிடைக்காதவன் நாலு ஊர் போய் வந்த மாதிரி இருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் கதை வேறு. கவாத்துப் பயிற்சி நின்றுவிடும், கடலில் இறங்கக் கூடாது, சவுக்குத் தோப்பு நாள் முழுக்க ஊளையிடும். அப்போது பேய்க் கதைதான் கேட்பார்கள். துப்பாக்கி பிடித்தவர்களுக்குப் பேய்க் கதைமேல் இருக்கிற ஆசை வேறு யாருக்கும் இல்லை என்பது என் அனுபவம்.

வடக்கே சண்டை முடிந்த வருஷத்து மழைக்காலம் அது. பலகையில் எழுதப் புதிதாக எதுவும் இல்லாமல், சிதம்பரம் கடைத்தெருவில் ஒரு புத்தகக் கடையில் தேடியபோது, மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு கதைத் தொகுப்பு கிடைத்தது. எல்லாம் கடல் கதைகள். எழுதியவர் பெயரை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அச்சடித்து நாலைந்து வருஷமாகியும் விற்காமல் கிடந்தது. பைண்டு செய்தவர் அவசரத்தில் விளிம்பை வெட்டாமல் விட்டிருந்தார். பக்கங்கள் மடிப்போடு ஒட்டிக் கிடந்தன, கத்தி வைத்துப் பிரித்தால்தான் படிக்கலாம். யார் கையும் படாத புத்தகம் என்று எனக்குப் பிடித்துவிட்டது. வாங்கிவந்து, பலகையில் முதல் பெயராக எழுதினேன்.

வார்டில் இருந்தவர்களால் எழுந்து வர முடியாது என்பதால், மழைக்காலத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானே போய் வாசித்துக் காட்டுவேன். குண்டு பாய்ந்து கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்த, நாயக் பதவியிலிருந்த முனுசாமிதான் அங்கே தலைவர் மாதிரி. எதைப் படிக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்று அவர் சொல்வார். அவருக்கு அடுத்த கட்டிலில் தனபால் என்ற சிப்பாய் கிடந்தார்.

தனபாலுக்கு முகமும் தோளும் வெந்துபோயிருந்தன. எல்லைக்குப் பக்கத்தில் அவர் போன லாரி தீப்பிடித்துவிட்டது. கூட இருந்த இன்னொரு சிப்பாய் அங்கேயே இறந்துபோனார். இவர் பெரிய ஆஸ்பத்திரியில் பல வாரம் இருந்துவிட்டு, சொந்த ஊருக்குப் பக்கம் என்று எங்களிடம் அனுப்பப்பட்டிருந்தார். தலை முழுக்க வெள்ளைக் கட்டு. ஒரு கண்ணும் வாயும் மட்டும் தெரியும். அந்தக் கண் யாரையும் பார்க்காது. பேச்சு இல்லை. கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. ஆனால் வலது கை மட்டும் சும்மா இருக்காது. காற்றில் எதையோ பொறுக்கும், இடது உள்ளங்கையில் கொண்டுபோய் வைக்கும், இடது கட்டைவிரல் அதை அழுத்திப் பிடிக்கும். மறுபடி பொறுக்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் இதேதான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அத்தனை கவனமாக ஒருவர் பொறுக்கிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் நமக்கே அங்கே ஏதோ இருப்பதுபோலத் தோன்றிவிடும்.

அவருடைய தகப்பனார் வீராசாமி, பக்கத்துக் குப்பத்தில் மீன்பிடிப்பவர். கடல் மூடிக் கிடந்த மாதம் என்பதால் தினமும் மதியம் நனைந்துகொண்டே வருவார். தூக்குச் சட்டியில் கஞ்சி இருக்கும். கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறவைத்து, வாய் ஓரமாக ஊட்டுவார். பிறகு காதருகே குனிந்து ஏதோ சொல்வார். பதில் வராது. ஈரத் துணியால் கால்களைத் துடைத்துவிட்டு, நான் வாசிப்பதைக் கடைசிவரை கேட்டுவிட்டுப் போவார்.

அந்தக் கடல் கதைத் தொகுப்பை நான் எடுத்துப்போன நாளில் வானம் காலையிலிருந்தே இருண்டு கிடந்தது. மதியம் இரண்டு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. முதல் கதையை ஆரம்பித்தேன். மழைநாளில் தனியாகக் கட்டுமரம் ஏறிப் போனவனை யாரோ தண்ணீருக்குள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் கதை. முனுசாமி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். ஒரு பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தேன். அடுத்த பக்கம் மடிப்புக்குள் இருந்தது. கத்தியை நூலகத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போய்விட்டது.

"இருங்க, கத்தி எடுத்துட்டு வரேன்" என்று எழுந்தேன்.

இருட்டில் ஒரு குரல் கதையைத் தொடர்ந்தது.

ஏற்ற இறக்கம் இல்லாத குரல். தூக்கத்தில் பேசுகிற மாதிரியும் இருந்தது, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரியும் இருந்தது. நான் நிறுத்திய சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டே போனது. கட்டுமரத்தில் போனவன் வலையை இழுக்கிறான், வலை கனக்கிறது. நடுநடுவே "காமா, காமா" என்றது. அப்புறம் "உடல் அழைத்தது, உடல் அழைத்தது" என்று இரண்டு தடவை சொல்லி நின்றுவிட்டது.

கூரைமேல் மழை விழும் சத்தம் மட்டும் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளைக் கட்டுக்குள் அந்த உதடு அப்போதுதான் மூடியது. கை மட்டும் பொறுக்கிக்கொண்டே இருந்தது.

"சார், இது அந்தப் புஸ்தகத்துல இருக்குதா?" என்றார் முனுசாமி.

"தெரியாது. இன்னும் பிரிக்கல" என்றேன்.

அந்தப் பதிலைச் சொல்லியிருக்கவே கூடாது. மறுநாளைக்குள் வார்டு முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. "பிரிக்காத புஸ்தகத்தப் படிக்குறான் சார். செத்துப்போனான் பாருங்க கூட வந்தவன், அவன்தான் உள்ள பூந்துகினு பேசறான். காமா, காமான்னு எவளோ ஒருத்திய கூப்புடறான். உடல் அழைத்ததாம். உடல் இன்னா சார் அழைக்கும்? எரிச்சாங்களே அந்த உடலா?" என்றார் முனுசாமி. அவர் தைரியசாலி. குண்டு பாய்ந்த காலோடு இருட்டில் ஊர்ந்து வந்தவர் என்று சொல்வார்கள். அவரே கட்டிலை நகர்த்திப் போடச் சொல்லி அடம்பிடித்தார். யாரோ தனபாலின் கட்டில் காலில் மந்திரித்த கயிறு கட்டிவிட்டார்கள்.

நான் நூலகத்தில் உட்கார்ந்து கத்தியால் அந்த மடிப்பைப் பிரித்தேன். வலை கனக்கிறது. பக்கத்தின் கீழே அச்சில் இருந்தது: "உடல் அழைத்தது. உடல் அழைத்தது."

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த மதியம், ஈரத்தில் உப்பிப்போன அலமாரிகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் கை பொறுக்குவது எனக்குக் கேட்பதுபோல இருந்தது. கை பொறுக்குவதற்குச் சத்தம் ஏது? கேட்டது, அவ்வளவுதான்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பயம் வந்தால் அதை விரட்டப் பார்க்காதீர்கள். பயந்தபடியே இன்னொரு தடவை பாருங்கள். நான் அதைத்தான் செய்தேன். மறுநாள் அந்தப் பக்கத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதையின் முதல் வரியை வாசித்துவிட்டு நிறுத்தினேன். குரல் எடுத்துக்கொண்டது. நான் விரலால் வரியைத் தொடர்ந்தேன். ஒரு சொல் பிசகவில்லை. "காமா" என்று அவர் சொன்ன இடத்திலெல்லாம் அச்சில் ஒரு கால்புள்ளி இருந்தது. நின்று, "புள்ளி, பாரா" என்றார். அங்கே ஒரு பத்தி முடிந்து அடுத்த பத்தி தொடங்கியது. எவளோ ஒருத்தி இல்லை. நிறுத்தக் குறிகள். கதை கேட்ட யாரும் நிறுத்தக் குறியைச் சொல்ல மாட்டார்கள்.

நூலகத்துக்கு ஓடிவந்து புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே பிழை திருத்தச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. 'உடல் அழைத்தது' என்பதைக் 'கடல் அழைத்தது' என்று திருத்திப் படிக்கவும் என்று இருந்தது. கட்டிலில் கிடந்தவர் கதையை எங்கேயும் கேட்டுத் தெரிந்துகொண்டவர் இல்லை. அச்சிலிருந்த பிழையோடு அவருக்கு அது பாடம். பிரிக்காத பக்கத்தைப் பிரிப்பதற்கு முன்னாலேயே பார்த்தவர் யாராக இருக்க முடியும்? அச்சகத்தின் பெயரைத் தேடினேன். சிதம்பரம்.

தனபால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கடலுக்குப் போனவர், கடலிலிருந்து நேராகப் பட்டாளத்துக்கு வந்தவர் என்று வீராசாமி என்னிடம் ஒரு தடவை சொல்லியிருந்தார்.

அன்று சாயந்திரம் வார்டைக் கவனித்த டாக்டர் மேஜர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் வார்டு கலைந்து கிடந்ததில் பொறுமை இழந்திருந்தார். "நீங்க படிக்கறது மருந்தா விஷமான்னு எனக்குத் தெரியல. நிறுத்திடுங்க. வெள்ளிக்கிழமை வண்டியில அவரை மெட்ராஸ் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறேன். இங்க வெச்சிருந்தா மத்தவங்களுக்கும் பைத்தியம் பிடிச்சுடும்."

வெளியே வந்தால் வீராசாமி நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டார் போலிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க சார். இவ்ளோ நாளா வாயே தொறக்காதவரு, நீங்க படிச்சதுக்கு அப்பால தான் பேசறாரு. இன்னும் கொஞ்சம் படிச்சா வேற எதுனா சொல்லுவாரு. ஒரு வார்த்த சொல்லுவாரு சார். அனுப்பிட்டாங்கன்னா நான் யாரைக் கேப்பேன்?"

பெற்ற மகனை யாரும் 'அவரு' என்று சொல்வதில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன்.

சிதம்பரம் போய்ச் சேரும்வரை ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்தான். வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. அச்சகம் ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலில் நின்று குடையை மடக்கிக்கொண்டே உள்ளே பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

மங்கலான வெளிச்சத்தில், சாய்வான மரப்பெட்டிகளுக்கு முன்னால் நாலைந்து பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோருடைய வலது கையும் பொறுக்கிக்கொண்டிருந்தது. பொறுக்கி இடது கையில் வைத்தது. இடது கட்டைவிரல் அழுத்திப் பிடித்தது. மறுபடி பொறுக்கியது. அதே வேகம், அதே கவனம். அவர்கள் கையில் ஈய எழுத்து இருந்தது என்பதுதான் வித்தியாசம். அச்சுக் கோப்பவர்கள். இதில் பயப்பட எதுவும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

ஃபோர்மேன் ரங்கநாதன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினார். "நம்ம வேலதான். வித்தே போகல, பாவம். இத யாரு கேக்கறாங்க இப்ப?"

"இந்த முதல் கதைய அச்சுக் கோத்தது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"அது மறக்குமா? சபாபதி. கோத்து முடிச்ச எழுத்துப் பாரத்தத் தூக்கறப்ப கை நழுவிக் கீழ போட்டுட்டாங்க. எழுத்தெல்லாம் செதறிப் போச்சு. முழுக் கதையையும் ரெண்டாந்தரம் கோத்தான். அந்தக் கடுப்புல ககரப் பெட்டியில உகரம் கலந்து கெடந்தத கவனிக்கல. கடல் உடலாயிடுச்சு. எல்லாரும் கிண்டல் பண்ணிப் பண்ணி அவன் வாயிலயும் அப்பிடியே நின்னு போச்சு." சிரித்தார். "வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதான் கோப்பான். காமா, புள்ளி, பாரா எல்லாத்தையும் சொல்லுவான். இல்லன்னா விட்டுடுவான். பக்கத்துல நிக்கறவனுக்குக் காது வலிக்கும்."

"இப்ப எங்க இருக்கார்?"

ரங்கநாதனின் சிரிப்பு நின்றது. "சீனச் சண்டைக்கு அப்புறம் ஆள் எடுத்தாங்களே, அப்ப பட்டாளத்துக்குப் போனான். இந்தச் சண்டையில போய்ச் சேந்துட்டான் சார். லாரி எரிஞ்சிதாம். கூட இருந்தவன் பொழச்சிட்டான், இவன் போயிட்டான். அங்கயே எரிச்சிட்டாங்களாம், ஒடம்பு கூட வரல. பொண்டாட்டி வேதவல்லி காட்டுமன்னார்கோயில்ல அண்ணன் வீட்டுல இருக்கு. அண்ணன்காரன் ரைஸ் மில்லுல வேல பாக்கறான். காரியத்துக்கு நான் போயிருந்தேன். சின்னப் பொண்ணு சார்."

அந்த அச்சகத்தின் மர பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. காட்டுமன்னார்கோயில் பஸ் தெருமுனையிலிருந்துதான் கிளம்பும். ஏறிப் போய், உன் புருஷன் உயிரோடு இருக்கிறார் அம்மா என்று சொல்லிவிடலாம். என் கால் துடித்தது. ஆனால் என் கையில் இருந்தது ஒரு கையசைவும் ஒரு எழுத்துப் பிழையும்தான். தவறாகப் போனால் அந்தப் பெண் இரண்டாம் தரமும் தாலி இழப்பாள். சரியாக இருந்தாலோ, குப்பத்தில் ஒரு வீட்டில் கஞ்சி வடிக்கும் ஒரு தாய்க்குப் பிள்ளை இல்லை. ஒரு வீட்டில் விளக்கேற்றினால் இன்னொரு வீட்டில் அணைந்துவிடும். ரங்கநாதனிடம் எதுவும் சொல்லாமல் அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

விதிப்படி நான் முதலில் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். அவர் மேலே எழுதியிருப்பார், மேலேயிருந்து வீராசாமிக்கு ஒரு காகிதம் வந்திருக்கும். ரயிலில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு தகப்பனுக்கு இந்தச் செய்தி காகிதத்தில் போகக் கூடாது. அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எந்த விதியும் கடைசியில் யாரோ ஒருவரைத்தான் போய்த் தொடும், அது யார் என்று யோசித்துவிட்டு அப்புறம் யாரிடம் முதலில் சொல்வதென்று தீர்மானியுங்கள். இதற்காக எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும்.

மறுநாள் மதியம் வீராசாமியை நூலகத்துக்குள் அழைத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அச்சகத்தைப் பற்றிச் சொன்னேன். எழுத்துப் பொறுக்கும் கையைப் பற்றிச் சொன்னேன். சபாபதி என்று ஒருவர் இருந்தார் என்றேன்.

"பேரு சபாபதியா" என்றார் அவர். "பேரு தெரியாமயே இருந்துச்சு."

நான் அவரையே பார்த்தேன்.

"மொத நாளே தெரியும் சார். காலத் தொடச்சி உட்டேன்ல. எம்புள்ள காலு மணல்லயே நடந்து விரலெல்லாம் விரிஞ்ச காலு. இது தரையில நின்ன காலு. துணியத் தண்ணில நனைக்கறப்பவே தெரிஞ்சி போச்சி."

"ஏன் சொல்லல?"

தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"சொன்னா அந்த நிமிசமே அவன் செத்துருவான்ல சார். நான் வாய மூடிக்கினு இருக்குற வரைக்கும் அவன் அம்மாவுக்கு அவன் இருக்கான். பாக்கணும் பாக்கணும்னு அழுவா. கட்டு அவுக்கட்டும், நீ பயந்துடுவேன்னு சொல்லிச் சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன். தெனம் கஞ்சி காச்சிக் குடுக்குறா." தூக்குச் சட்டியின் மூடியைத் தடவினார். "இவரும் எவ பெத்த புள்ளையோ. பசிக்கும்ல. அதான் ஊட்டறேன். ஆனா சும்மா ஊட்டல சார். தெனம் காதுல கேப்பேன். எம்புள்ள எங்கய்யா, கடைசில நீதான பாத்த, எதுனா சொன்னானான்னு. அவரு காமா காமாங்கறாரு."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இவருக்குப் பொண்டாட்டி இருக்குங்களா?" என்று கேட்டார்.

"இருக்கு. செத்துட்டார்னு காரியம் பண்ணிட்டாங்க."

எழுந்து நின்றார். "அப்ப ஜாஸ்தி நாள் வெச்சிருந்துட்டேன். டாக்டர் கிட்ட நானே சொல்றேன். நீங்க அந்தப் பொண்ணுக்கு ஆள் அனுப்புங்க." வாசல்வரை போய்த் திரும்பினார். "இன்னிக்குக் கஞ்சிய மட்டும் குடுத்துட்டு வந்து சொல்லட்டா?"

வீராசாமி சொன்னதைக் கேட்டு டாக்டர் மேஜர் பழைய காகிதங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தார். லாரியில் போனது இரண்டே பேர். இவர் தனபால் என்று ஆனதால் மற்றவர் சபாபதி ஆகிவிட்டார். எங்கே, எப்படி மாறியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை வண்டி அவரில்லாமல் போயிற்று.

வேதவல்லி அண்ணனோடு வந்தாள். இருபத்துச் சொச்சம் வயது இருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. செத்தவரைப் பார்க்கக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்ற பயம் அவள் நடையில் தெரிந்தது. வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். வெள்ளைக் கட்டுக்குள் ஒரு கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை பொறுக்கிக்கொண்டிருந்தது. முனுசாமி உட்பட யாரும் அசையவில்லை.

அண்ணன் கட்டிலின் வலப்பக்கம் போய் நின்றான். "மச்சான். நான் கோவிந்து வந்திருக்கேன் மச்சான்." பதில் இல்லை. "மச்சான், வேதா வந்திருக்கு." அந்தக் கண் அசையவில்லை. அவன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்ததை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. கோபம். துக்கம் ஆறிக்கொண்டிருந்த வீட்டில் மறுபடி கையை விட்டுவிட்டீர்களே என்ற கோபம். தப்புக் கணக்குப் போட்டுவிட்டேனோ?

சுவர் ஓரமாக நின்றிருந்த வீராசாமி முன்னால் வந்தார்.

"அந்தப் பக்கம் காது கேக்காதுப்பா அவருக்கு. நீ வாம்மா. இப்பிடி இடது பக்கமா வந்து, நல்லாக் குனிஞ்சி பேசு. கத்த வேணாம், கத்துனா பயந்துக்குவாரு."

அவள் சுற்றிக்கொண்டு போனாள். குனிந்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அந்தக் கண் மெல்ல இறங்கி வந்து அவளிடம் நின்றது.

"வேதா" என்றார். அந்தக் கதைப் புத்தகத்தில் இல்லாத முதல் சொல் அது.

வார்டில் யாரோ விம்மினார்கள். முனுசாமியாகத்தான் இருக்க வேண்டும். வீராசாமி அந்தப் பெண்ணிடம் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். கஞ்சியைச் சூடாகக் கொடுக்கக் கூடாது, உதடு இன்னும் ஆறவில்லை, தலையணையை இவ்வளவுக்கு மேல் உயர்த்தினால் தோள் வலிக்கும். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தோப்பு வழியாக, மழையில், வீட்டில் சொல்வதற்காக நடந்து போனார்.

புதியவர்களே, நான் அந்தப் புத்தகத்தை மழைக்காலத்துக்கு ஏற்றதென்று எழுதிவைத்தது வெறும் பொழுதுபோக்குக்காக. அது ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் என்றோ, இன்னொருவரை வீட்டிலிருந்தே எடுத்துவிடும் என்றோ எனக்கு எப்படித் தெரியும்? ஒரு புத்தகத்தை ஒருவர் கையில் கொடுக்கும்போது அது யாரிடம் எதைத் திறக்கும் என்று உங்களுக்கும் தெரியாது. அதற்காகக் கொடுக்காமல் இருக்க வேண்டாம். கொடுத்துவிட்டு அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். முகம் மூடியிருந்தால் கையைப் பாருங்கள்.

சபாபதிக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பியது. தை பிறந்து, கட்டு அவிழ்த்து, ஊருக்கு அனுப்பும் நாள் வந்தபோது, வீராசாமியைப் பார்க்காமல் போக மாட்டேன் என்றார். ஆள் அனுப்பினேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார் வீராசாமி. நூலகத்தில்தான் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வடுக்கள் இழுத்துக்கொண்ட அந்த முகத்தை வீராசாமி முதல் தடவையாகப் பார்த்தார். எனக்கு அங்கே இருப்பதா எழுந்து போவதா என்று தெரியவில்லை. இருங்க சார் என்று இருவருமே சொன்னார்கள்.

"தெனம் என் காதுல கேப்பீங்களே, அது எனக்கு எங்கேயோ கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சி" என்றார் சபாபதி. "பதில் சொல்ல வழி தெரியல. லாரியில ரெண்டு பேருந்தான் போனோம். மலை மேல, ராத்திரி. அப்பிடி ஒரு குளிர நான் பாத்ததே இல்ல. பல்லு அடிச்சிக்கிச்சி. அவரு தன் கோட்டக் கழட்டி எனக்குப் போட்டுவுட்டாரு. அவரு பேர் போட்ட சீட்டு அதுலதான் இருந்திருக்கு. உனக்கு வேணாமான்னு கேட்டேன். நான் கடக்கரையில பொறந்தவன், எனக்கெல்லாம் குளுராதுன்னாரு."

வீராசாமி நிமிர்ந்தார்.

"பொய் சொல்லிருக்கான்" என்றார். "சின்னப் புள்ளையிலேர்ந்து அவனுக்குக் குளுருன்னா ஆவவே ஆவாது."